சமபலத்தின் கொடுமை

பார்சன் ரஸ்ஸல் டெரியரைக் கண்காட்சியில் மதிப்பிடும் நடுவர், நாயின் முன்னங்கால்களுக்குப் பின்னால் இரு கைகளையும் கொடுத்து மார்பைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். இரு கை விரல்களும் ஒன்றையொன்று தொட்டால் சரி. தொடாவிட்டால் அந்த நாய் நரி வளைக்குள் நுழைய முடியாது என்று பொருள். டெரியர் வேட்டைக்காக இங்கிலாந்தில் வாதாடுகிறவர்கள் இந்த அளவையே தங்கள் பக்கத்து நியாயமாகக் காட்டுகிறார்கள். 6, 7 கிலோ நரிக்கு எதிரே அதே எடையில் ஒரு நாய். கூட்டமாகத் துரத்துவதில்லை, ஒண்டிக்கு ஒண்டி. இதைவிட நேர்மையான வேட்டை ஏது என்று கேட்கிறார்கள்.

டெரியரின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. தானியக் கொட்டகையில் எலி பிடிக்க அதற்கு நிகரில்லை: கவ்வி ஓர் உதறு, எலி செத்துவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்று நாள்கணக்கில் சாகும் எலியையும், அதைத் தின்று நஞ்சேறும் ஆந்தையையும் நினைத்தால் நாயே மேல். ஆட்டுக்குட்டிகளைப் பறிகொடுக்கும் மலைப் பண்ணைக்காரர்களின் கவலையும் உண்மையானதுதான்.

ஆனால் எலி வேட்டை நொடியில் முடிவதற்குக் காரணம், அங்கே சமபலம் இல்லை என்பதே. நரி வளைக்குள் நிலைமை வேறு. உடம்பு நுழையும் அளவே உள்ள இருட்டில் இரண்டும் முகத்துக்கு முகம் நிற்கின்றன. திரும்ப இடமில்லை. கடியெல்லாம் மூக்கிலும் உதட்டிலும் கீழ்த்தாடையிலும் விழுகிறது. நரியை நாய் எளிதில் கொல்ல முடியாது; நாயை நரியால் விரட்டவும் முடியாது. அந்த இழுபறியை நம்பித்தான் இந்த முறையே நடக்கிறது. நரி வெளியே ஓடிவந்தால் சுட்டுவிடலாம். வராவிட்டால், நாய் குரைத்து அதை ஒரே மூலையில் நிறுத்திவைக்கும். மேலே இருப்பவர் கழுத்துப்பட்டையிலுள்ள ரேடியோ கருவியின் ஒலியைக் கொண்டு இடத்தையும் ஆழத்தையும் கணித்து மண்வெட்டி போடுவார். வேரும் கல்லும் கிடக்கும் நிலத்தில் அது லேசான வேலையில்லை. குழி வளையை எட்டும்வரை கீழே இரண்டு உயிர்களும் அப்படியே கிடக்க வேண்டும். அளவு பார்த்து வளர்த்த அந்தச் சமபலம் வேதனையை நீட்டிக்கவே உதவுகிறது.

நல்ல டெரியர் கடிக்காது, குரைக்க மட்டுமே செய்யும் என்பார்கள். பாதிரியார் ஜான் ரஸ்ஸலை (1795–1883) சாட்சிக்கு அழைப்பார்கள். நரியைக் கொல்லாமல் வெளியேற்றும் நாய்களையே அவர் விரும்பினார் என்பது சரி. அதற்குக் காரணம் இரக்கமல்ல. நரி வளைக்குள்ளேயே செத்துவிட்டால், குதிரைகளோடும் வேட்டைநாய்களோடும் வெளியே காத்திருப்பவர்களுக்குத் துரத்த ஒன்றும் மிஞ்சாது. குரைப்பு மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், தப்ப வழியில்லாத விலங்குக்கு அது முற்றுகை. 2000-இல் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு, உறுதியான அறிவியல் சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டபோதும், தோண்டியெடுத்துச் சுடுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றே முடிவுசெய்தது. நீண்ட நேரம் பிடிப்பதும், ஓட விடாமல் அடைப்பதும் அது சொன்ன காரணங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004 வேட்டைச் சட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு தந்தது. வளைக்குள் ஒரே ஒரு நாயை இறக்கலாம். அது போதிய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதற்குக் காயம் ஏற்படாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். நரியைக் கூடிய விரைவில் வெளியேற்ற வேண்டும். தரைக்கு மேல் எழுதிய நிபந்தனைகள் இவை. நாயின் வால் மண்ணுக்குள் மறைந்ததும் ஒன்றைக்கூட நிறைவேற்ற ஆளில்லை. பேட்ஜர் வளைக்குள் நாயை விடுவது 1992 சட்டப்படி குற்றம். ஆனால் நரியும் பேட்ஜரும் சில நேரம் ஒரே வளையில் தங்கும். 10 கிலோவுக்கு மேல் எடையும், மண்ணைப் பிளக்கும் நகங்களும் கொண்ட விலங்கு எதிரே நிற்பதைக் கண்டு நாய் சட்டத்தை நினைத்துத் திரும்பாது. தழும்பேறிய முகத்தைப் பெருமையாகக் காட்டி நாய் வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒண்டிக்கு ஒண்டி என்று அவர்கள் சொல்லும்போது, அந்தச் சண்டைக்கு நாயும் நரியும் சம்மதிக்கவில்லை என்பதைச் சொல்வதே இல்லை.

விதிவிலக்கை நீக்க வேண்டும். இரவில் விளக்கடித்து ரைஃபிளால் சுடுவது, முறையாகச் செய்தால், நரிக்குக் குறைந்த துன்பம் தருவது என்று அதே பர்ன்ஸ் குழு கருதியது. பாறைச் சரிவுகளில் அது எங்கும் கைகொடுக்காது என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் சட்டம் இந்தச் சலுகையைக் கொடுத்தது ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்ற அல்ல. துப்பாக்கி விளையாட்டுக்காகப் பேணப்படும் ஃபெசன்ட் போன்ற பறவைகளை, சுடப்படும் நாள்வரை நரியிடமிருந்து காப்பாற்றுவதற்கு.