அப்பமா, சோறா?

மணிமேகலை காட்டும் புகாரில் இந்திர விழா வந்தால் சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம், ஊரே கேட்கும். அந்தப் பூம்புகாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர். பைபிளைப் பற்றித் தமிழர்கள் கேட்ட கேள்விகள் எழுத்தில் பதிவானதில் இந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் இங்கே கரையிறங்கினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார்.

1712 முதல் 1714 வரை தரங்கம்பாடிப் பாதிரிமார் கேள்வி எழுதி அனுப்பினார்கள். தமிழர்கள் பதில் எழுதினார்கள். அவற்றில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. உங்கள் மக்கள் எங்கள் வேதத்தை ஏன் ஏற்கவில்லை என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. வந்த பதில்களில் பூச்சில்லை. மாட்டைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று எழுதினார்கள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், அதைச் சுமந்து வந்தவர் எப்படி நடக்கிறார் என்று பார்த்தார்கள். பைபிளைப் பற்றி இந்த மண் கேட்டவற்றில் இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை.

தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715 ஆண்டுகளில் அச்சானது. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை; அவற்றாலேயே கோத்தால் காகிதம் போதாது. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் பெட்டிகளின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகள் வார்த்தார்கள்.

வாசகர்கள் இன்றும் கேட்பது: கடவுளுக்குத் தமிழ் பைபிள்களில் ஏன் இத்தனை பெயர்? சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பின்னர் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் பவர் ஐயர் குழு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்கு இசைந்த சொல்லைத் தேடியிருக்கிறது. பழைய சொல்லை விட மனமில்லாதவர்களும் இருந்தார்கள். பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ரேனியஸ் ஐயரின் புதிய பைபிள் திருத்தத்தை மும்முரமாக எதிர்த்தார். பாட்டிலும் ஜெபத்திலும் ஊறிய சொற்களை மாற்றினால் எரிச்சல் வரத்தானே செய்யும்.

இன்னொரு கேள்வி: கத்தோலிக்கர் பைபிளில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையார் பைபிளில் 66, ஏன்? தோபித்து, மக்கபேயர் முதலான ஏழும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உண்டு, எபிரேயத் தொகுப்பில் இல்லை.

காவிரிக் கரைக்கே உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பைபிளில் எங்கு பார்த்தாலும் அப்பம். இந்த ஊரில் அப்பம் என்றால் பிள்ளையார் சதுர்த்திக்கு வெல்லம் போட்டு நெய்யில் பொரித்தெடுப்பது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அன்றாடம் பண்டிகைப் பலகாரமா கேட்கிறார்கள் என்ற குழப்பம் நியாயமானது. பாலஸ்தீனத்தில் அது தினம் அடுப்பில் சுடும் ரொட்டி. பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கே ‘அப்ப வீடு’ என்றுதான் பொருள். நெல் விளையும் நாட்டில் அந்த இடம் சோற்றுக்குரியது. திருவிவிலியம் அந்த ஜெபத்தில் ‘உணவு’ என்று போட்டது நல்ல முடிவு.

இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதையையும் இப்படிப் பார்த்தால் துலங்கும். கூட்டத்தில் ஒரு பையன் வைத்திருந்தவை ஐந்து வாற்கோதுமை அப்பங்கள். வாற்கோதுமை ஏழைகளின் தானியம். அவனிடம் இருந்த இரண்டு மீன்களுக்கு யோவான் தன் நற்செய்தியில் போட்ட கிரேக்கச் சொல், சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் சிறு மீனைக் குறிப்பது. டெல்டாக் கணக்கில், வயலுக்குப் போகும் பிள்ளையின் தூக்குவாளியில் கொஞ்சம் பழைய சோறு, இரண்டு துண்டு கருவாடு.