பேயுமன்று, பொய்யுமன்று!

நடுக்கூடத்தில் ஒரு பெண் விழுகிறாள். பற்கள் கிட்டுகின்றன; கண்கள் மேலே செருகுகின்றன; கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. "பேய் பிடித்துவிட்டது" என்கிறது ஊர். "வேலைக்கு அஞ்சிப் போடும் வேடம்" என்கிறார் மாமியார். ஒரே உடலுக்கு இரண்டு தீர்ப்புகள்! முதல் தீர்ப்பு அவளை வேப்பிலை அடிக்கு அனுப்புகிறது. இரண்டாம் தீர்ப்பு ஏச்சுக்கும் பேச்சுக்கும் ஆளாக்குகிறது. மூளை என்று ஓர் உறுப்பு உண்டு, அதற்கும் நோய் வரும், அந்நோய்க்கும் மருத்துவம் உண்டு என்ற மூன்றாம் தீர்ப்பைச் சொல்ல அந்தக் கூடத்தில் எத்தனை பேர் இருப்பர்?

அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டியது வெள்ளித்திரை. கொங்கு நாட்டவராகிய நமக்கு இப்படிக் கேட்கத் தனி உரிமை உண்டு. தமிழ்த் திரையின் தொட்டில்களுள் ஒன்று நம் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவில் 1947இல் 'ராஜகுமாரி' உருவாயிற்று. பட்சிராஜாவில் 1954இல் 'மலைக்கள்ளன்' உருவாயிற்று. இரண்டிலும் கலைஞரின் உரையாடல்! நாடகத்தையும் திரையையும் அறிவின் படைக்கலனாக ஏந்திய இயக்கத்தின் பிள்ளைகள், அதே திரை மனித மூளையைப் பற்றி நாட்டுக்கு என்ன கற்பித்தது என்று கேளாமல் இருக்கலாமா?

கற்பனை வேண்டாம் என்பது நம் வாதமன்று. நோயைக் கதைப்பொருளாக எடுத்தவர், அந்நோயாளிக்கு நேர்மையாக நடந்தாரா? இதுவே நம் உரைகல். மூன்று படங்களை அதில் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண் குழந்தையாகிவிடுகிறாள். நீலகிரியின் கேத்தியில் ஒரு பள்ளி ஆசிரியன் அவளைத் தாயினும் பரிந்து காக்கிறான். முடிவில் மருத்துவம் பலிக்கிறது. பழைய நினைவு திரும்புகிறது. காத்தவனை அவள் அறியாள். அந்த இரயில் நிலையக் காட்சியில் கலங்காத நெஞ்சம் கல்நெஞ்சம்! ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிந்திப்போம். தலையில் அடிபட்டவர் சில நாட்களையோ சில ஆண்டுகளையோ மறக்கக்கூடும். வயதில் பின்னோக்கி நடந்து, ஏழு வயதுச் சிறுமியின் மழலையையும் நடையையும் மீண்டும் அணிந்துகொள்வதில்லை. மூளை என்பது அடுக்கடுக்காக வைத்த துணிப்பெட்டியன்று, மேலடுக்கை எடுத்ததும் அடியடுக்கு வெளிப்படுவதற்கு.

முடிவிலோ பாதி உண்மை இருக்கிறது. அடிபட்டபின் குழம்பிக் கிடந்த காலம், தெளிந்தபின் பலருக்கு நினைவில் இராது. ஏன்? அக்காலத்தில் மூளை எதையும் பதியவில்லை. பதியாதது எப்படித் திரும்பும்? ஆனால் படத்தின் நாயகி, ஆசிரியன் சொன்ன கதையையும் காட்டிய அன்பையும் நாள்தோறும் நினைவில் சேர்த்துக்கொண்டே வருகிறாள். அப்படிச் சேர்ந்ததனைத்தும் ஒரே நாளில் பலகையில் எழுதிய எழுத்தாய் அழிந்தது என்பது காவியத்துக்கு அழகு, மூளைக்கு வழக்கமன்று.

இரண்டாவது, முருகதாசின் 'கஜினி' (2005). ஆங்கிலப் படமான 'மெமன்டோ'வின் சாயல் படிந்த கதை. இரும்புத் தடியால் தலையில் தாக்குண்ட நாயகன், பதினைந்து மணித்துளிகளுக்கு மேல் எதையும் நினைவில் நிறுத்த இயலாதவனாகி, உடலெங்கும் பச்சை குத்தி நினைவைக் காக்கிறான். அவனுக்கு ஒரு மெய்யான உறவினர் இருந்தார். அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953இல், தம் 27ஆம் வயதில், கடும் வலிப்பை நிறுத்த மூளை அறுவை நடந்தது. இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. வலிப்பு தணிந்தது, புதிய நினைவு பிறப்பதும் நின்றது! இளமை நினைவிருந்தது, பேச்சும் அறிவும் இருந்தன, ஆனால் சற்றுமுன் பேசிச் சென்றவர் மீண்டும் வந்தால் புதியவரே. 2008இல் மறையும்வரை இதுவே அவர் வாழ்க்கை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து விண்மீன் வரையுமாறு அவருக்குப் பயிற்சி தந்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. ஆனால், "இதற்குமுன் வரைந்ததே இல்லை" என்றே அவர் எண்ணினார். கைக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை! நினைவு ஒன்றன்று, பல. ஒவ்வொன்றுக்கும் மூளையில் வெவ்வேறு இடம் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் அந்த நோயாளி.

இந்த உரைகல்லில் 'கஜினி' ஓரளவு தேறுகிறது. பழைய நினைவு நிற்கிறது, புதியது நிற்பதில்லை என்ற அடிப்படை சரி. மறந்தவனுக்குப் பகை மட்டும் எப்படி நிலைக்கும் என்று கேட்போருக்கும் விடையுண்டு. ஜெனீவாவின் கிளாபரேடு என்ற மருத்துவர், கைக்குள் ஊசியை மறைத்து ஒரு மறதி நோயாளியுடன் கைகுலுக்கிய செய்தியை 1911இல் எழுதினார். பின்னர் அவர் கை நீட்டியபோது அப்பெண் தன் கையை இழுத்துக்கொண்டாள். காரணம் சொல்லத்தான் தெரியவில்லை. ஆனால் படம் பரப்பிய 'குறுகிய கால நினைவிழப்பு' என்ற பெயர் பிழையானது. சொன்ன எண்ணை மொலைசன் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சற்று நேரம் காத்துவைப்பார். குறுகிய நினைவு அவருக்கு இருந்தது. அதை நெடிய நினைவாக்கும் பாலமே இடிந்திருந்தது. இன்று பேனாவை மறந்துவைத்தவனையும் "கஜினி" என்று கேலி செய்கிறோம். நோயின் பெயர் வசைச்சொல்லாவது படத்துக்குப் புகழன்று.

மூன்றாவது, அதே ஆண்டில் வந்து சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய 'சந்திரமுகி'. நாயகன் மனநல மருத்துவன். பேயில்லை, பிளவுண்ட மனமே உண்டு என்கிறான். கைதட்டினோம்! ஆனால் மருத்துவம் நடக்கும் நேரத்தில் என்ன காண்கிறோம்? மந்திரம் முழங்க, ஆச்சாரியார் வீற்றிருக்க, பொம்மையைப் பேயின் பகைவனாக்கி எரித்ததும் நோய் தீர்கிறது. வாய் மருத்துவம் பேச, கண் பேயோட்டலைக் கண்டு வீடு திரும்புகிறது. இரண்டு மணி நேரம் கண்ட காட்சியை இரண்டு வரி விளக்கம் வெல்லுமா? மனம் உடைந்தோர் மீளத் திங்கள் கணக்கில் பொறுமையும் பேச்சும் பாதுகாப்பும் வேண்டும் என்பதை அந்த ஒரே இரவுக் கூத்து மறைத்துவிடுகிறது.

இங்கே தோழர்களுக்கு ஒரு சொல். "சாமியாடுவது எல்லாம் நடிப்பு" என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் உடுக்கை ஒலிக்க அண்ணன்மார் கதை பாடும் நம் கொங்குச் சிற்றூரில், இரவெல்லாம் விழித்து, நோன்பிருந்து, எதிர்பார்ப்பில் நெஞ்சு நிறைந்து நிற்பவன் ஆடத் தொடங்கும்போது, அவன் பொய்யன் என்று யார் சொல்ல முடியும்? ஒலியும் பட்டினியும் விழிப்பும் நம்பிக்கையும் மூளையின் நிலையை மாற்ற வல்லவை. வலிப்பைப் போலத் தோன்றி, மூளையில் வலிப்பின் மின்குறி இல்லாத இழுப்புகளும் உண்டு; அடக்கிவைத்த துயர் நரம்பின் வழியே வெடிப்பவை அவை. பேய் ஏன் மாமனாரை விட்டுப் புது மருமகளையே தேடிப் பிடிக்கிறது என்று கேளுங்கள். வீட்டின் வழக்கு வெளிவரும். பேய் என்பவன் அவள் மூளையை மறுக்கிறான். பொய் என்பவன் அவள் துன்பத்தை மறுக்கிறான்.

உண்மையான வலிப்போ இன்னும் தெளிவானது. நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்பால் பேசுபவை. ஒரு கூட்டம் கட்டுமீறி ஒரே வேளையில் துடித்தால் உடல் இழுக்கிறது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்து இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூலொன்று, இது தெய்வ நோயன்று, மூளையின் நோய் என்று எழுதிவிட்டது. நாமோ இன்னும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம்! பெரும்பாலான இழுப்பு ஓரிரு மணித்துளிகளில் தானே நிற்கும். பெருமையைச் சாவி தட்டிச் செல்லும். செய்ய வேண்டியது இவ்வளவே: ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து மணித்துளிகளைத் தாண்டினால் மருத்துவமனைக்கு விரையுங்கள். முறையாக மருந்துண்டால் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழலாம்.

அறியாமைக்கு விலை என்ன? 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் விடுதியொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீக்கு இரையாயினர். ஓட முடியவில்லை, காலில் விலங்கு! மருத்துவமனைக்கு வரவேண்டியவர்களை வழிபாட்டிடத்தின் நிழலுக்கு அனுப்பிய குடும்பங்களில் எல்லா மதத்தாரும் உண்டு. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் காலின் விலங்கை அகற்றலாம்; கருத்தின் விலங்கை அகற்றுவது கலையின் கடமை.

பேய்க்கதைதான் வேண்டுமா, படம் எடுப்போரே? உண்மைக் கதையொன்று இருக்கிறது. கையை இழந்த பலருக்கு, இல்லாத கை இருப்பதாகவே தோன்றும். அது முறுக்கிக்கொண்டு வலிக்கும். ஆவி என்பர் அறியாதார். வெட்டுண்டது கை, அக்கைக்கென மூளையில் அமைந்த இடம் வெட்டுண்டதா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். நல்ல கை விரிய, பிம்பமும் விரிந்தது. சிலருக்கு இல்லாத கையின் இறுக்கமும் தளர்ந்தது. மந்திரமில்லை, தாயத்தில்லை, ஒரு கண்ணாடி!

விசைத்தறியும் வார்ப்படமும் லேத்துப் பட்டறையும் நிறைந்த நம் மண்ணில், எந்திரத்துக்கு விரல் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவனை நாயகனாக்கிப் படமெடுத்துப் பாருங்கள். அச்சம் உண்டு, கண்ணீர் உண்டு, வியப்பும் உண்டு. அரங்கத்தை விட்டு வெளியேறும் இளைஞனிடம், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் எண்ணத்துக்கு மாறாக, மருத்துவரிடம் கேட்கும் கேள்வியொன்று இருக்கும். அந்தக் கேள்வியை விதைக்கும் படத்துக்காக இந்த ஏட்டின் பாராட்டுரை காத்திருக்கிறது.