பெயர்ப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

மூலநிரல் கைக்குக் கிடைக்காத மென்பொருள் லினக்ஸில் முரண்டு பிடித்தால், நிரலாளர்கள் முதலில் தேடுவது என்எம், ஆப்ஜ்டம்ப், ரீட்எல்ஃப் போன்ற சிறு கருவிகளைத்தான். ஓர் ஆப்ஜெக்ட் கோப்பில் எந்தெந்தச் சிம்பல்கள் (செயற்கூறுகள், மாறிகளின் பெயர்கள்) இருக்கின்றன, எவை வேறு ஷேர்ட் லைப்ரரியிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதை இவை பிசகாமல் சொல்லும். பெயர் கிடைக்காமல் வரும் கோளாறுகளுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ஆனால் பெயர் சரியாக இருந்து நடத்தை மாறிவிட்டால்?

2010இல் நடந்தது அதுதான். நினைவகத்தில் ஓரிடத்து பைட்டுகளை வேறிடத்துக்கு நகலெடுப்பது மெம்காப்பி என்ற செயற்கூறின் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது சி மொழியின் விதி. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் வேகத்துக்காக அதைத் திருத்தியபோது, சில செயலிகளில் நகலெடுப்பு பின்னிருந்து முன்னாக நடக்கத் தொடங்கியது. ஃபெடோரா 14இல் அடோபி ஃபிளாஷின் ஒலி சிதைந்தது. விதியை மீறியது ஃபிளாஷ்தான். ஆனாலும் நேற்றுவரை ஓடியதை உடைக்கலாமா என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதிட்டார். என் சார்பும் அவர் பக்கமே. ஃபிளாஷின் சிம்பல் பட்டியலைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தாலும் அதே மெம்காப்பிதான் தெரிந்திருக்கும்.

2011இல் வந்த ஜிலிப்சி 2.14 இதற்கொரு தீர்வு தந்தது. புதிய மெம்காப்பிக்கு 2.14 என்ற பதிப்பு முத்திரை. பழைய நிரல்களுக்கு, பழைய முத்திரையின் கீழ், படிந்த இடங்களையும் பாதுகாப்பாகக் கையாளும் வடிவம். நடத்தை மாற்றம் பெயரிலேயே ஏறியது. அதற்கு விலையும் உண்டு: புதிய கணினியில் கம்பைல் செய்த நிரலைப் பழைய சர்வரில் ஏற்றினால், 'ஜிலிப்சி 2.14 இல்லை' என்று அது கிளம்பவே மறுக்கும். ஆனால் இந்தச் சிக்கலில் எந்தச் செயற்கூறு அந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று ஆப்ஜ்டம்ப் நொடியில் காட்டிவிடும். லைப்ரரியை ஆக்கியவர் எழுதிவைத்ததை மட்டுமே கருவி படிக்கிறது.

எழுதிவைக்க விரும்பாதவர் ஆக்கினால் என்னாகும் என்பதை 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் காட்டியது. சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்த ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு, பில்ட் செய்யும்போது அதன் லிப்எல்இஸட்எம்ஏ லைப்ரரியில் இணைந்து, எஸ்எஸ்எச் சர்வருக்குப் பின்கதவு திறந்தது. எஸ்எஸ்எச்சுக்கு அந்த லைப்ரரியே தேவையில்லை. சில லினக்ஸ் வெளியீடுகள் எஸ்எஸ்எச் சர்வரில், சிஸ்டம்டி சேவை மேலாளரின் லைப்ரரியான லிப்சிஸ்டம்டியைச் சேர்த்திருந்தன, அதன் வாலைப் பிடித்து லிப்எல்இஸட்எம்ஏவும் உள்ளே வந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் இந்தப் பின்கதவைப் பிடித்தது சிம்பல் பட்டியலைப் படித்து அல்ல. லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். செயலி நேரத்தை அளக்கும் பெர்ஃப் கருவியில் பார்த்தால், லிப்எல்இஸட்எம்ஏவுக்குள் எந்தச் சிம்பலோடும் பொருந்தாத முகவரிகளில் செயலி நேரம் செலவாகிக்கொண்டிருந்தது.

சார்புகளை, அதாவது ஒரு நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளை, பட்டியலிடும் எல்டிடி கருவி இன்னொரு தலைவலி. சில சூழல்களில் அது சோதிக்கும் நிரலையே இயக்கிவிடக்கூடும். நம்பகமற்ற கோப்புகளில் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் கையேடே எச்சரித்து, ஆப்ஜ்டம்பைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஆப்ஜ்டம்ப் நேரடிச் சார்புகளை மட்டுமே காட்டும். எஸ்எஸ்எச் சர்வரை அப்படிப் பார்த்தால் லிப்சிஸ்டம்டி தெரியும், அதன் பின்னால் நின்ற லிப்எல்இஸட்எம்ஏ தெரியாது. பாதுகாப்பான வழி அரைகுறை, முழுமையான வழி ஆபத்து: கருவி செய்தவர்கள் இதை இத்தனை காலம் இப்படியே விட்டுவைத்திருப்பது எனக்கு வியப்புதான்.

நிரல் ஓடும்போது, தேவைப்பட்டால் மட்டும் டிஎல்ஓப்பன் என்ற செயற்கூறு வழியாக லைப்ரரியை ஏற்றினால், சார்புப் பட்டியலில் அதன் பெயரே வராது. அதனால் சிஸ்டம்டி 256ஆம் பதிப்பு, அப்படி ஏற்றக்கூடியவற்றை எல்ஃப் கோப்பிலேயே (லினக்ஸ் நிரல்களின் கோப்பு வடிவம்) தனிக் குறிப்பாகப் பதிக்கிறது. அந்தக் குறிப்பை எழுதும் கட்டாயம் வேறு எந்த நிரலுக்கும் இல்லை.