ஹோமரின் இல்லங்களும் நம் வாசிப்பு மரபும்

மலர்க்குழுவினர் கேட்டபோது மறுக்க முடியவில்லை. நம் வாசிப்பு வட்டத்தின் மூத்தவர்கள் இருக்க, ஹோமரின் காப்பியங்களில் குடும்பம், மணம், பெண் என்னும் பொருளை என்னிடம் தந்ததற்கு எங்கள் ஆசிரியரிடம் பாடம் கேட்டவன் என்பது தவிர வேறு தகுதி எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. கதை சொல்லப்போவதில்லை, இந்த மலரைக் கையில் எடுப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. இந்த இல்லங்களை எந்தெந்த வழியினர் எப்படி வாசித்தார்கள், அவர்கள் வைத்த வரைமுறை எது, அது இன்று யார் கையில் என்ன பாடு படுகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முறைப்படி அலெக்சாண்டிரிய வழியிலிருந்து தொடங்க வேண்டும். இலியட்டின் 6ஆம் பாடலில் அந்த்ரோமாக்கி கணவனைத் தடுத்து நிறுத்தி அழுகிறாள். அழுகையோடு நின்றுவிடவில்லை. காட்டு அத்திமரத்தின் அருகே மதில் ஏற எளிதாக இருக்கிறது, பகைவரின் தலைசிறந்த வீரர்கள் மூன்று முறை அங்கே முயன்று பார்த்துவிட்டார்கள், படையை அங்கே நிறுத்து என்கிறாள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரிய நூலகத்தின் அறிஞர் ஆரிஸ்டார்க்கஸ் இந்த ஏழு அடிகளின் ஓரத்தில் ஐயக்கோடு இட்டார். கணவனுக்குப் போர்த்தந்திரம் கற்பிப்பது அவள் வாய்க்குப் பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணங்களில் முதலாவது. வெனிஸ் நகரின் மார்ச்சியானா நூலகத்தில் உள்ள 10ஆம் நூற்றாண்டு இலியட் சுவடி இந்தக் குறிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதே மனிதர் ஒடிசியின் முதற்பாடலிலும் கோடு இட்டிருக்கிறார். பாணன் பாடுவதைக் கேட்டுக் கண்ணீரோடு கீழே இறங்கி வந்த பெனலோப்பியை, உள்ளே போய்த் தறியைக் கவனி, பேச்சு ஆண்களின் வேலை என்று மகன் அனுப்பிவிடும் நான்கு அடிகள் அவை. இலியட்டின் 6ஆம் பாடலில் ஹெக்டர் மனைவியிடம் போரைப் பற்றிச் சொல்லும் இடத்திலும், ஒடிசி 21ஆம் பாடலில் மகன் தாயிடம் வில்லைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அவை பொருந்தும், இங்கே பொருந்தா என்று கருதினார்.

இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எங்கள் ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவார். ஒன்று பெண் அதிகம் பேசினாள் என்பதற்கு விழுந்த கோடு. மற்றொன்று பெண்ணின் வாயை மகன் அடைத்தான் என்பதற்கு விழுந்த கோடு. ஆரிஸ்டார்க்கஸைப் பெண்ணை இகழ்ந்தவர் என்றோ போற்றியவர் என்றோ ஒரு பக்கம் தள்ளிவிட முடியாது. அவர் மனத்தில் தகுதி என்று ஒன்று இருந்தது. அதைத் தாண்டிய இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. அதைவிடப் பெரிது, அவர் கோடிட்டாரே தவிர அடிகளை அழிக்கவில்லை என்பது. தமக்கு ஒவ்வாத அடியையும் அடுத்தவர் படிக்க விட்டுவைத்தார். அத்திமரத்தடியில் படையை நிறுத்தச் சொன்ன பெண்ணை நாம் இன்றும் கேட்க முடிவது அதனால்தான். நம் வழியின் முதல் வரைமுறை என்று ஆசிரியர் சொன்னது இதைத்தான்: ஐயம் இருந்தால் ஓரத்தில் குறி, அடியைத் தொடாதே.

அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இலியட்டின் 9ஆம் பாடலில் சான்று இருக்கிறது. அக்கிலிஸை வளர்த்த பீனிக்ஸின் தந்தை வைப்பாட்டி ஒருத்தியிடம் மயங்கி மனைவியை அவமதிக்க, அந்தத் தாய் மகனின் முழங்காலைப் பிடித்துக் கெஞ்சி அந்த வைப்பாட்டியோடு படுக்கச் சொல்கிறாள். தந்தை சபிக்கிறான். தந்தையைக் கொன்றுவிடலாமா என்று பீனிக்ஸ் நினைத்த நான்கு அடிகள் நம் சுவடிகளில் இல்லை. புளூட்டார்க் எடுத்தாண்டதால் மட்டுமே பிழைத்தன. அச்சத்தால் அவற்றை நீக்கியவர் ஆரிஸ்டார்க்கஸ் என்று புளூட்டார்க் சொல்கிறார். ஏற்காத அறிஞர்கள் உண்டு, ஆசிரியரும் ஏற்கமாட்டார். எவர் கை பட்டதோ, ஒரு குடும்பத்தின் உடைவு பாதியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது.

அடுத்து வந்தவர்கள், காப்பியத்தைப் பல பாடல்களாகப் பிரித்துப் பார்ப்போர். 1795இல் வுல்ஃப் தொடங்கிவைத்த அந்த வழிக்கு மணக்கொடை நல்ல தீனியாக அமைந்தது. இஃபிடாமஸ் மணப்பெண்ணுக்காக நூறு மாடுகள் கொடுத்து, ஆயிரம் ஆடுகளும் தருவதாகச் சொல்லியிருந்தவன். மனைவியோடு வாழும் பேறில்லாமல் போர்க்களத்தில் விழுகிறான். ஒத்ரியோனியஸ் பரிசம் ஏதும் தராமல் கசாந்திராவைக் கேட்கிறான். கிரேக்கரை விரட்டித் தருவதே அவன் பரிசம். மறுபக்கம் அகமெம்னன் பரிசமே வேண்டாம், ஏழு ஊர்களையும் சேர்த்துத் தருகிறேன், என் மகள்களில் ஒருத்தியைக் கொள் என்று அக்கிலிஸுக்குத் தூது விடுகிறான். பரிசம் பழைய அடுக்கு, சீதனம் புதிய அடுக்கு, இருவேறு காலத்துப் பாடல்களை ஒட்டியிருக்கிறார்கள் என்றார்கள் பிரிப்போர். 1955இல் ஃபின்லி, இது விலையும் அல்ல, விற்பனையும் அல்ல, இரு வீடுகளும் மாறிமாறிக் கொடுத்துக்கொள்ளும் கொடை என்றார். 1974இல் ஸ்னாட்கிராஸ், ஒரே சமூகத்தில் இந்த வழக்குகள் சேர்ந்திருக்க முடியாது, காப்பியம் காட்டுவது பல காலங்களின் கலவை என்று மறுத்தார்.

இந்த வழக்கில் நம் வட்டத்துக்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். நான் ஃபின்லியின் பக்கம் சாய்பவன். அந்த்ரோமாக்கியையே பாருங்கள். 6ஆம் பாடலில் அவள் நிறையக் கொடைகளோடு வந்த மனைவி. 22ஆம் பாடலில் அவளுக்காக ஹெக்டர் எண்ணற்ற பரிசம் கொடுத்து அழைத்து வந்தவன். ஒரே பெண்ணின் மணத்தில் இரு பக்கமும் கை நீட்டியிருக்கின்றன. பெனலோப்பியைத் தந்தை வீட்டுக்கு அனுப்பினால் இக்காரியஸுக்கு நிறையத் திருப்பித் தரவேண்டி வரும் என்று டெலிமாக்கஸ் கணக்குப் பார்க்கும் இடத்தையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மகன் தாயைக் காப்பதில் பாசமும் உண்டு, சொத்தும் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் காப்பியம் கூசவில்லை.

இனி எங்கள் வழி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் ஆங்கிலத்தில் தமிழ் வீரநிலைக் கவிதையைப் பற்றிய நூலை வெளியிட்ட கைலாசபதியின் வழியாகவே எங்களுக்கு ஹோமர் வந்தார். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியப் பாடகர்களிடம் கண்ட வாய்மொழி முறையைச் சங்கப் பாடல்களில் வைத்துப் பார்த்த நூல் அது. தாம்சன் தம் 1949ஆம் ஆண்டு நூலில் ஏஜியப் பகுதியில் தாய்வழி உரிமையின் தடங்களைத் தேடியவர். ஆசிரியருக்குத் தாம்சன்மேல் பெருமதிப்பு. ஆனாலும் ஃபேசியரின் அரசி அரீத்தியைத் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று யாராவது சொன்னால் ஒடிசியின் 11ஆம் பாடலைத் திறக்கச் சொல்வார். விருந்தினனுக்குக் கொடை தர அரீத்தி முன்மொழிகிறாள், முதியவர் ஒருவர் வழிமொழிகிறார், செயல் அரசன் அல்கினோஸிடம் என்று அவரே முடிக்கிறார். அரசி ஆண்களின் சச்சரவுகளையும் தீர்த்துவைப்பவள். ஆனால் இறுதிச் சொல் அவளுடையது அல்ல. மதிப்பையும் அதிகாரத்தையும் ஒன்றாக்கிக் குழப்பாதே என்பார்.

அவர் பாடம் காதுக்கு உரியது. யார் பேசுகிறாள், யாரிடம், வீட்டின் எந்த இடத்தில் நின்று என்று கேட்காமல் ஓர் அடியையும் கடக்கவிடமாட்டார். அந்த்ரோமாக்கி இலியட்டின் 22ஆம் பாடலில் உள்ளறையில் இரட்டை மடிப்புச் செந்நீல ஆடையில் பூ நெய்துகொண்டிருக்கிறாள். கணவன் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறாள். மதிலில் எழுந்த ஓலம் அப்போதுதான் அவள் காதில் விழுகிறது. அந்த வெந்நீரைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் தாழ்ந்துவிடும். விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். 19ஆம் பாடலில் பிரைசீஸ் பத்ரோக்லஸின் உடல்மேல் விழுந்து அழுகிறாள். அக்கிலிஸின் முறைப்படியான மனைவியாக்குவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் அவன்தான். சுற்றிநின்ற சிறைப்பெண்கள் அவனைச் சாக்கிட்டுத் தத்தம் துயரத்துக்கு அழுதார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்துக்கு உரை வேண்டாம் என்பார். பின்னாளில் மார்கரெட் அலெக்சியூவின் 1974ஆம் ஆண்டு நூலைப் படித்தபோது, கிரேக்கப் புலம்பலின் நீண்ட மரபை அவர் கிராமங்கள்வரை தொடர்ந்து சென்றிருப்பதைக் கண்டு, ஆசிரியர் பாடம் நடத்திய திசை சரியென்று உறுதிப்பட்டேன்.

பெண்ணிய வழியினருக்கு நம் வட்டம் கடன்பட்டிருக்கிறது. இதைச் சொல்லத் தயங்கும் மூத்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஹெலீன் ஃபோலி 1978இல் காட்டிய உவமைகளை நாம் அதற்குமுன் பார்க்காமல் கடந்திருந்தோம். கணவனின் உடல்மேல் விழுந்து அழும், அடிமையாக இழுத்துச் செல்லப்படும் பெண்ணைப் போல ஒடிசியஸ் அழுகிறான். கப்பலுடைந்து நீந்திக் கரை கண்டவர்களைப் போலப் பெனலோப்பி கணவனைக் காண்கிறாள். ஆணின் துயரம் பெண்ணுக்கும், பெண்ணின் துயரம் ஆணுக்கும் மாறிப்போகிறது. 1991இல் மரிலின் காட்ஸ் பெனலோப்பியின் புகழைப் பற்றி எழுதிய நூலும் வட்டத்தில் பாடம் கேட்க வேண்டியது. இவர்கள் ஒவ்வோர் அடியையும் கிரேக்க மொழியில் படித்தவர்கள்.

இன்றைய நிலையைப் பற்றிச் சொல்வதில் யாரையும் சுட்டவில்லை. இளையவர்களின் ஆர்வம் பெரிது, அவர்கள் வருவதால்தான் வாசிப்பு அவைகள் நிரம்புகின்றன. ஆனால் சில அவைகளில் நடப்பதைச் சொல்லாமல் இருப்பது ஆசிரியருக்குச் செய்யும் துரோகம். தறிக்குப் போகச் சொன்ன அந்த நான்கு அடிகளை மட்டும் எடுத்து, ஹோமரின் பெண்களுக்கு வாய் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதே பெனலோப்பி 18ஆம் பாடலில் மணம் கேட்டு வந்தவர்கள் முன் நின்று, பெண் கேட்பவர்கள் தாங்கள் கொண்டுவந்து விருந்து வைப்பார்களே தவிர அடுத்தவன் சொத்தைத் தின்னமாட்டார்கள் என்று அறைந்து, அவர்களிடமே பரிசுகளை வாங்கியதை விட்டுவிடுகிறார்கள். தூக்கிலிடப்பட்ட பன்னிரு பணிப்பெண்களைப் பற்றி உருகிப் பேசுகிறார்கள், உருக வேண்டியதுதான். 20ஆம் பாடலில் இரவெல்லாம் மாவரைத்து, மற்றவர்கள் உறங்கிய பின்னும் தன் பங்கு முடியாத மெலிந்த பெண் ஒருத்தி திரிகையை நிறுத்திவிட்டு, இவர்களுக்கு இதுவே கடைசி விருந்தாகட்டும் என்று வேண்டுகிறாளே, அவளை எத்தனை அவைகளில் கேட்டிருக்கிறோம்? அவளும் அடிமைதான். தீர்ப்புக்கு ஒத்துவராதவள் ஆனதால் விடுபட்டாள்.

சென்ற ஆண்டு ஓர் அவையில் இலியட்டின் 24ஆம் பாடல். நேரம் போதவில்லை என்று மூன்று புலம்பல்களில் அந்த்ரோமாக்கியை மட்டும் வாசித்தார்கள். ஹெக்கூபாவும் ஹெலனும் இல்லை. விடுபட்டது என்று அறிவிப்புக்கூட இல்லை. பாராட்டுரைகளுக்கு மட்டும் நேரம் இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மனைவி, தாய், அந்தப் போருக்கே காரணமான அயல்பெண் என்று மூன்று குரல்களில் ஒரு வீடு இறந்தவனை அழுகிறது. ஹெக்டர் தன்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று கடைசியில் சொல்பவள் ஹெலன். அவளை நீக்கினால் ஹெக்டர் யார் என்பதே போய்விடுகிறது. தாயை நீக்கினால் திராயில் இல்லம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில், அடியை நம்பாத ஒருவர் அதைத் தொடாமல் நமக்கு விட்டுவைத்தார். நம்புவதாகச் சொல்கிறவர்கள் கடிகாரம் பார்த்து வெட்டுகிறார்கள். எரியூட்டப்பட்ட நகரங்களைக் கடந்து, துறவிமடங்களில் படியெடுக்கப்பட்டு, படையெடுப்புகளைத் தாண்டி வந்த அடிகள் ஒரு மாலை நிகழ்ச்சியைத் தாண்ட முடியவில்லை என்றால், ஹோமரை இனி யாரும் காப்பாற்ற முடியாது. இதற்குப் பெயர் காலம் மாறுவது அல்ல, மரபு அறுபடுவது. நம் மூத்தவர்கள் வளர்த்த வட்டம் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தால் நாளை ஆரிஸ்டார்க்கஸின் பெயரைச் சொல்லவும் நமக்கு வாய் இருக்காது.

எனவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தின் வாசிப்பை இலியட்டின் 6, 22, 24 ஆகிய பாடல்களோடு தொடங்க வேண்டும். அத்திமரத்தடி அடிகள் ஏழும், ஐயக்கோட்டைச் சொல்லி, முழுதாக வாசிக்கப்பட வேண்டும். 24ஆம் பாடலின் புலம்பல்களை மூன்று உறுப்பினர்கள் மூன்று குரல்களில், இடையில் உரையில்லாமல் வாசிக்க வேண்டும். ஹெலனின் பகுதிக்கு ஆள் கிடைக்காவிட்டால், என் குரல் முன்புபோல் இல்லை என்றாலும், நான் வாசிக்கிறேன்.