ஈரும் பேனும் யார் பொறுப்பு?

‘ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது’ என்ற பழமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறவர்களைச் சொல்வது. பெரும்பாலும் பெண்களைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார்கள். வாசற்படியில் உட்கார்ந்து ஒருத்தி தலையை இன்னொருத்தி பார்க்கிறாள், கூடவே பேச்சும் நடக்கிறது. அந்தப் பேச்சு வம்பு என்பது பழமொழியின் துணிபு. ஆனால் ஈர் பேனாவதில் எந்த வம்பும் இல்லை. ஒரு பெண் பேன் நாளொன்றுக்கு எட்டு முட்டை வரை இடும். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம், குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ இன்னொரு ஒன்றரை வாரம். இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்தான். அவளுடைய அறிவை எடுத்து அவளையே கேலி செய்ய வைத்திருக்கிறோம்.

பேனைப் பற்றி நம்மிடம் இருக்கும் பிரதிகளை ஒருமுறை வரிசையாக வைத்துப் படித்தால், பேன் எப்போது பெண்ணின் குற்றமாயிற்று என்ற கேள்வி எழுகிறது.

பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருந்த கந்தலில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன. கரிகாலன் அந்தக் கந்தலைக் களைந்து நல்ல ஆடை கொடுக்கிறான். அது ஆடைப் பேன். தலைப் பேனிலிருந்து வேறான வகை. ஆனால் பாட்டின் பார்வை கவனிக்கத்தக்கது. பேன் அங்கே வறுமையின் அடையாளம். அதைத் தீர்க்க வேண்டியவன் அரசன். பொருநனின் மனைவி துணியைச் சரியாகத் துவைக்கவில்லை என்று புலவர் குறை சொல்லவில்லை.

இன்னொன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள லாகிஷ் என்ற பழைய நகரில் கிடைத்த தந்தச் சீப்பு. ஏறத்தாழ 3,700 ஆண்டு பழையது. அதில் கீறியிருந்த சிறு எழுத்துகள் 2022-இல் படிக்கப்பட்டன. தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு ஒழிக்கட்டும் என்பது அதன் பொருள். கானானிய அகரவரிசையில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வாக்கியம் இதுதான். தந்தம் வாங்கும் வசதியும் தாடியும் உள்ள ஒருவரின் தலையில் பேன் இருந்தது. அதை எழுதி வைப்பதில் வெட்கமும் இருக்கவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பேன் ஷாம்பு விளம்பரங்களின் கதை அநேகமாக ஒன்றுதான். வகுப்பில் ஒரு சிறுமி தலையைச் சொறிகிறாள். தோழிகள் விலகுகிறார்கள். அம்மா முகம் வாடுகிறது. ஒரு பாட்டில் வருகிறது. கடைசியில் கூந்தல் பளபளக்கிறது. அப்பா இந்தக் கதையில் பெரும்பாலும் இல்லை, பையன் தலையில் பேனும் இல்லை. வெட்கம்தான் விற்கப்படும் பொருள். ஷாம்பு அதன் கூடவே வருகிறது.

விளம்பரத்துக்குக் குறையாத இன்னொரு பிரதி பள்ளி டைரி. ‘பிள்ளையின் தலையைச் சுத்தமாக வைத்து அனுப்பவும்’ என்று ஒரு வரி. எழுவாய் இல்லாத அந்த வாக்கியம் யாருக்கு எழுதப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். பல பள்ளிகளில் அதன் கூடவே நடக்கும் மற்றது டைரியில் ஏறாது: பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைப்பது, சாதியையோ குடிசைப் பகுதியையோ வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்தையோ ஜாடையாகச் சுட்டுவது. பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து போகும். தினம் குளித்த தலைக்கும் அது ஏறும். தலைப் பேனால் வேறு நோய் பரவுவதும் இல்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாதெமி, பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

சரி, பேனை எப்படித்தான் ஒழிப்பது? வழி தெரிந்ததுதான். பெர்மெத்ரின் 1 சதவீத மருந்தைக் கழுவித் துடைத்த தலையில் பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். ஈர் முழுக்கச் சாகாது என்பதால் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு முறை. மருந்து வேண்டாம் என்றால் தலையை நனைத்து, கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி எடுப்பது. நாலு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம். 2005-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், இப்படி வாரியவர்களில் 57 சதவீதம் பேருக்குப் பேன் போயிற்று; கடையில் வாங்கிய மருந்தைப் போட்டவர்களில் 13 சதவீதம்தான். அங்கே பேன்கள் அந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டிருந்தன. மண்ணெண்ணெய், கரப்பான் சாக்பீஸ், கற்பூரம், சீதாப்பழ விதைப்பொடி எல்லாம் வேண்டாம். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், சாக்பீஸில் இருப்பது பூச்சிக்கொல்லி, கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும், விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும்.

வாருவது நல்ல வழி என்றால், வாருவது யார்? பொழிச்சலூரில் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் தாம்பரம் மெப்ஸுக்கோ, பல்லாவரத்துத் தோல் பட்டறைக்கோ, அடுக்குமாடி வீடுகளுக்கு வேலைக்கோ போய், இருட்டும்போது திரும்புகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளி விதிப்படி இரட்டைச் சடை. ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் எட்டு மணி நேரம். வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும், அசையாமல் உட்காரப் பிள்ளைக்குப் பொறுமை வேண்டும். அந்த எட்டு மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அத்தனையும் முடிந்து பிள்ளை பள்ளிக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்துத் தலையிலிருந்து மறுபடி ஏறிவிடும். அப்போது டைரியில் அதே வரி மறுபடி வரும்.

குடற்புழுவுக்கு நாம் இப்படிச் செய்வதில்லை. 2015 முதல் நாட்டில் குடற்புழு நீக்க நாள் இருக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண், பெண் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். யார் வயிற்றில் புழு என்று கேட்டு யாரையும் தனியே நிறுத்துவதில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று அரசுக்குத் தெரியும். அதே நியாயம் பேனுக்கும் பொருந்தும். வயிற்றுப் புழு பொதுச் சுகாதாரம், தலைப் பேன் அம்மாவின் சோம்பல் என்று பிரித்தது அறிவியல் இல்லை. புழு இரத்தசோகை தரும், பேன் தராது, ஆகவே அரசின் முன்னுரிமை வேறு என்று சொல்லலாம். அது நியாயம்தான். அப்படியானால் அந்தச் சிறிய தொல்லைக்குப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் பெரிய தண்டனை எதற்கு? பேனைப் பெருமாளாக்கியது யார்?

பிரிட்டனில் ஒரு தன்னார்வ அமைப்பு, எல்லாக் குடும்பமும் ஒரே நாளில் தலை வாருவதற்கென்று ஆண்டுக்கு மூன்று நாளைக் குறித்துப் பள்ளிகளோடு சேர்ந்து நடத்தியது. இங்கே அதற்குப் புதிய அலுவலகம் எதுவும் வேண்டாம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேராமல் ஊராட்சியாக நின்ற ஊர் பொழிச்சலூர், கிராமசபையில் கேட்கலாம். வகுப்புக்குச் சில நல்ல பேன் சீப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையில்லா மருந்து, எல்லா வீட்டுக்கும் ஒரே வார இறுதி. டைரிக் குறிப்பு ‘இந்தச் சனி, ஞாயிறு எல்லாப் பிள்ளைகளின் தலையையும் அம்மாவோ அப்பாவோ வாரிவிடவும்’ என்று வரட்டும். அந்தக் குறிப்பில் ‘அப்பா’ என்ற சொல்லைப் பள்ளியே எழுத வேண்டும் என்று கேட்பதும் நம் வேலை.