கடைசிப் பக்கம்: கோவை மெனு கார்டுகளும் இனிப்பும்

கோவையில் புதுசா ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தா, மெனு கார்டின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஸ்டார்ட்டரும் பிரியாணியும் எல்லாரும் செய்வாங்க. சமையல்கட்டில் யோசிக்கிற ஆள் இருக்காரா இல்லையான்னு இனிப்பு காட்டிக் கொடுத்துடும்.

ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், பீளமேடு, சரவணம்பட்டின்னு எங்கே போனாலும் அந்தக் கடைசிப் பக்கம் ஏறக்குறைய ஒண்ணுதான். குனாஃபா, டிரெஸ் லெச்சஸ், பிஸ்காஃப் சீஸ்கேக், திராமிசு, சிஸ்லிங் பிரவுனி. "வித்தியாசமான டெசர்ட்"னு ரீல்ஸ் போடுறவங்களும் இதே பட்டியலைத்தான் சுத்தி வர்றாங்க. பத்துக் கடையில் ஒரே பண்டம் கிடைச்சா, அதில் வித்தியாசம் எங்கே இருக்கு?

உடனே "நம்ம பாரம்பரியம் போச்சு"ன்னு ஆரம்பிக்கிறது என் நோக்கமில்லை. வெளியிலிருந்து வருவது ஒரு குற்றமே இல்லை. பாஸ்க் சீஸ்கேக் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் லா வின்யா என்ற ஒரே கடையிலிருந்து உலகம் பூரா போனது. பிஸ்தாவும் குனாஃபாவும் அடைச்ச "துபாய் சாக்லேட்" 2021-ல் துபாயில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது. நம்ம ஊருக்கே இதில் நல்ல உதாரணம் இருக்கு. மைசூர் பாகு, மைசூர் அரண்மனைச் சமையல்கட்டில் பிறந்ததாகச் சொல்லப்படுகிற பண்டம். பழைய பாணியில் அது துளைதுளையா இருக்கும், கடிச்சா நொறுங்கும். 1948-ல் மகாதேவ ஐயர் கோவையில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், நெய்யைக் கூட்டி, வாயில் வச்சா கரையுற "மைசூர்பா"வால்தான் பேர் வாங்கியது. பேரில் மைசூர், பதத்தில் கோவை. இன்னைக்குக் கோவையிலிருந்து ஊருக்குப் போறவங்க கையில் இருக்கிற பெட்டி அதுதான்.

ஆக, ஒரு பண்டம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்பதில் பயனில்லை. வந்த பிறகு இங்கே யாராவது அதில் கை வச்சாங்களான்னு கேட்கணும். இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான புதுக் கடைகள் விழுது.

காரணம் ரசனைக் குறைவுன்னு நான் நினைக்கலை. இது சப்ளை விஷயம். கிரீம், பிஸ்கட் ஸ்பிரெட், சாஸ் எல்லாம் டப்பாவிலும் பாக்கெட்டிலும் வருது, வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் நிக்குது. யார் வேலைக்கு வந்தாலும் ஒரே நாளில் அடுக்கக் கத்துக்கலாம். மாஸ்டர் லீவு போட்டாலும் கடை ஓடும். இந்த வசதிக்குத்தான் நாம ஸ்லைஸ் கணக்கில் காசு கொடுக்கிறோம்.

இப்போ சந்தகையை எடுத்துக்குங்க. இடியாப்பத்தில் மாவைப் பிழிஞ்சு அப்புறம் வேக வைப்பாங்க. சந்தகை நேர்மாறு: அரிசியை ஊறவச்சு அரைச்சு, வேக வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள அச்சில் போட்டு அமுக்கணும். ஆறிட்டா இறுகிடும், இறங்காது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊத்தின முதல் தட்டு இனிப்பு, அடுத்த தட்டு எலுமிச்சை. தேங்காய்ப்பாலோ சில மணி நேரத்தில் புளிச்சுடும். இதை எந்தப் பாக்கெட்டில் அடைப்பீங்க?

இன்னொரு சிக்கலும் இருக்கு. கொங்கு வீட்டில் "டெசர்ட்"ங்கிற கடைசி இடமே கிடையாது. விருந்தில் ஒப்பிட்டு இலையில் முதலில் விழும். சந்தகை டிபனாகவே வரும். அரிசியும் வெல்லமும் சேர்த்து அரைச்சுச் சுடுற கச்சாயம் தீபாவளிக்கு வரும். சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கிற ஒரே கட்டத்தில் இதையெல்லாம் திணிக்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்குது.

ஒரு புதுக் கடையில் ஒப்பிட்டை நாலா மடிச்சு, மேலே வெனிலா ஐஸ்கிரீம் வச்சுக் கொடுத்தாங்க. ஒப்பிட்டின் உயிரே சூட்டில் எழும்புற நெய் வாசம். ஜில்லுன்னு ஒண்ணை மேலே வச்சா நெய் உறைஞ்சு நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டுது. குளிர்ச்சியில் இனிப்பும் மந்தமா தெரியும். அதைச் சரிக்கட்ட கேரமல் சாஸ். கடைசியில் பருப்பும் வெல்லமும் எங்கே போச்சுன்னே தெரியலை. கை வச்சாங்க, சரி. ஆனா பண்டத்தைப் புரிஞ்சுக்காம வச்சாங்க.

புரிஞ்சு வச்சதுக்கும் உதாரணம் உண்டு: இளநீர் பாயசம். இது பாட்டி காலத்துப் பண்டமில்லை, ஓட்டல்களும் கல்யாணச் சமையல்காரர்களும் பரப்பினது. பக்கத்திலேயே பொள்ளாச்சி இருக்கு, காய்க்குப் பஞ்சமில்லை. நல்லா செய்தா தண்ணியா, லேசா, வழுக்கை பல்லில் படுற மாதிரி இருக்கும். ஜில்லுன்னு கடைசியில் குடிக்கிறதுக்குன்னே பொறந்தது. ஆனா இதிலும் மில்க்மெய்டைக் கொட்டிக் கெட்டியாக்கி இளநீரை மூழ்கடிக்கிற கடைகள்தான் கண்ணில் படுது.

"வீட்டில் செய்யறதுக்குக் கடையில் யாருங்க காசு கொடுப்பா?"ன்னு ஓட்டல்காரங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனா வீட்டில் இப்போ யார் செய்யறா? எனக்குத் தெரிஞ்ச பல வீடுகளில் சந்தகை அச்சு பரணில் கிடக்கு. அமுக்க இன்னொரு ஆள் வேணும், பசங்க சென்னையிலோ பெங்களூரிலோ இருக்காங்க. வீட்டுப் பண்டம்னு கடையில் இல்லை, நேரமில்லைன்னு வீட்டிலும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் காணாமப் போறது கைப்பதம். செய்முறையை எழுதி வைக்கலாம். எந்தச் சூட்டில் அச்சு இறங்கும்ங்கிறதைப் பக்கத்தில் நின்னுதான் கத்துக்க முடியும்.

கல்யாண மண்டபத்தில் கண்ணு முன்னாடி ஜிலேபி சுட்டுக் கொடுக்க முடியுதுன்னா, ஒரு ரெஸ்டாரண்டில் ஞாயித்துக்கிழமை காலையில் மட்டும் கண்ணு முன்னாடி சந்தகை அமுக்கித் தர முடியாதா? அச்சு பிடிக்கத் தெரிஞ்ச அம்மாக்கள் இன்னும் இந்த ஊரில் இருக்காங்க. அவங்களுக்கு மாஸ்டர் சம்பளம் கொடுக்கிற முதல் கடையைப் பத்தி இங்கே தனியா ஒரு பதிவு எழுதுவேன்.