ஸ்ரீ சாரதா மடத்தின் தோற்றமும் நோக்கமும்: தன்னாட்சி நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கொல்கத்தாவை அடுத்த தட்சிணேசுவரத்தில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ சாரதா மடம், பெண் துறவியர் தாமே நடத்தும் சமயத் தொண்டு நிறுவனமாகும். அதன் தோற்ற வரலாற்றை நிர்வாக உரிமை என்னும் கோணத்தில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: சாரதா மடம், சாரதாதேவி, விவேகானந்தர், நிவேதிதை, பெண் துறவு, தன்னாட்சி.

முன்னுரை

மகளிர் சமயத் தொண்டு நிறுவனம் ஒன்றை மதிப்பிடும்போது அது நடத்தும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பட்டியலிடுவது எளிது. தொண்டினைப் பெறுவோர் யாவர் என்பது அப்பட்டியலால் விளங்கும். அத்தொண்டு குறித்து முடிவெடுப்போர் யாவர் என்னும் வினா எஞ்சி நிற்கும். சாரதா மடத்தை இராமகிருஷ்ண மடத்தின் மகளிர் கிளை எனக் கருதும் வழக்கம், இவ்வினாவை எழுப்பாமையின் விளைவே எனலாம். சட்ட நிலையிலும் நிர்வாக நிலையிலும் இரண்டும் தனித்தனி அமைப்புகள்.

கருத்தும் காலத்தாழ்வும்

1894இல் அமெரிக்காவிலிருந்து எழுதிய மடலில், சாரதாதேவியை மையமாகக் கொண்ட பெண்கள் மடமே முதலில் அமைய வேண்டும் என விவேகானந்தர் வலியுறுத்தினார். ஆயினும் பேலூர் மடம் 1898இலேயே உருப்பெற்றுவிட்டது. பெண்கள் மடம் தோன்ற, மடல் எழுதப்பெற்ற நாளிலிருந்து அறுபது ஆண்டுகள் ஆயின.

இவ்விடைவெளி வெறுமையாகக் கழியவில்லை. 1898 நவம்பரில் பாக்பஜாரில் நிவேதிதையின் பெண்கள் பள்ளியைச் சாரதாதேவி தொடங்கிவைத்தார். கிறிஸ்டின், சுதீரா ஆகியோர் அப்பணியில் இணைந்தனர். அப்பள்ளியில் பயின்ற சரளா, செவிலியர் பயிற்சி பெற்று, 1920இல் சாரதாதேவியின் இறுதி நோயின்போது உடனிருந்து பணிவிடை செய்தார். அவரே பின்னாளில் பிரவ்ராஜிகா பாரதிபிராணா என்னும் துறவுப் பெயருடன் சாரதா மடத்தின் முதல் தலைவரானார். ஆகவே மடத்தின் வேர் ஒரு பெண்கள் பள்ளியில் ஊன்றியிருந்தது எனக் கொள்ளலாம்.

திட்டத்தின் உள்முரண்

பெண்களின் சிக்கல்களைப் பெண்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். கல்வி அளிப்பதோடு ஆடவரின் பங்கு முடிந்துவிடும் என்பது விவேகானந்தரின் கொள்கை. சீடர் சரத் சந்திர சக்கரவர்த்தியுடனான உரையாடலில், கங்கையின் மறுகரையில் அமையவேண்டிய பெண்கள் மடத்தை அவர் விரித்துரைக்கிறார். சமய நூல், இலக்கியம், சமஸ்கிருதம், தையல், சமையல் ஆகியன கற்பிக்கும் பள்ளி அதனுடன் இணைந்திருக்கும். கற்பிப்போர் பெண்களே. எனினும், மூத்த ஆண் துறவியர் தொலைவிலிருந்து நிர்வாகத்தைக் கவனிப்பர் என்றும் அவ்வுரையாடலில் இடம்பெறுகிறது. கொள்கை முழு விடுதலையை நாடத் திட்டம் மேற்பார்வையை ஏற்கிறது. இம்முரணைச் சுட்டாது அவ்வுரையாடலை விடுதலைச் சாசனமாக மட்டும் படிப்பது குறையுடைய வாசிப்பாகும்.

உரிமை கைமாறியமை

1959ஆம் ஆண்டு நிகழ்வுகள் இம்முரணைத் தீர்த்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் இராமகிருஷ்ண மடத்தின் தலைவர் சங்கரானந்தர் பெண் துறவியருக்குச் சந்நியாசம் வழங்கினார். அதே ஆண்டில் மடத்தின் முழுப்பொறுப்பும் அவர்களிடம் ஒப்படைக்கப்பெற்றது. கல்வி, மருத்துவம் முதலிய தொண்டுகளுக்கான இராமகிருஷ்ண சாரதா மிஷன் 1960இல் நிறுவப்பெற்றது. இவ்வரிசை கருதத்தக்கது: தன்னாட்சி முன்னும் அமைப்புசார் தொண்டு பின்னும் வந்தன.

இம்மாற்றத்தின் பொருளைத் தமிழகச் சான்று ஒன்று தெளிவாக்கும். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி தோற்றுவித்த சாரதா வித்யாலயம் பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. நிவேதிதையின் பள்ளியோ 1963இல் இராமகிருஷ்ண சாரதா மிஷனிடம் ஒப்படைக்கப்பெற்றது. இரண்டும் பெண்கள் தோற்றுவித்த பெண்கல்வி நிறுவனங்களே. நிர்வாகம் கைமாறிய திசை வேறு. பெண் துறவியர்க்கென ஓர் அமைப்பு இருந்தமையால் பின்னது பெண்களிடமே நிலைபெற்றது.

மறுப்பும் விளக்கமும்

முதற்சந்நியாசத்தை ஆடவரே வழங்கினர். எனவே இது கொடுக்கப்பட்ட உரிமையே அன்றி வென்றெடுத்த உரிமை ஆகாது என மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. ஆனால், உரிமை வந்த வழியைப்போலவே அது தொடர்ந்த முறையும் மதிப்பிடத்தக்கது. பாரதிபிராணா பின்னர்த் தாமே மந்திர தீட்சையும் சந்நியாசமும் வழங்கினார். துறவுப் பரம்பரையைப் பெண்ணிடமிருந்து பெண் பெறும் நிலை உருவாயிற்று. சட்டவழி ஒப்படைப்பு தொடங்கிய பணி இங்குச் சமய அதிகாரமாக நிறைவுற்றது.

முடிவுரை

சாரதா மடத்தின் தொண்டுப் பணிகளை மட்டும் கொண்டு அதன் நோக்கத்தை வரையறுத்தல் பொருந்தாது. பெண்கள் தம் ஆன்மிக வாழ்வையும் அதன்வழிப் பிறக்கும் தொண்டினையும் தாமே நெறிப்படுத்துதல் அதன் அடிப்படை நோக்கமாகும். பெண்களுக்கான நிறுவனம், பெண்களால் நடத்தப்பெறும் நிறுவனம் என்னும் வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு பிற மகளிர் சமய அமைப்புகளையும் மதிப்பிட இவ்வாய்வு வழிவகுக்கும்.